நாய் எப்போது கடிக்கும்?

எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் ஒரு பாட்டைக் கெடுத்தவன் நான். பாட்டின் பெயர் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’. முப்பது பேர் கோரஸ், கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டை, அண்ணனிடம் இரவல் வாங்கிய டை. சொல்லிக்கொடுத்த மிஸ் உச்சரிப்பில் படு கறார். பாட்டு முழுக்கப் பிடித்த பொருள்களின் பட்டியல்தான். ரோஜாமேல் மழைத்துளி, பூனைக்குட்டியின் மீசை, பளபளக்கும் செம்புக் கெட்டில், கதகதப்பான கம்பளிக் கையுறை. எங்கள் ஊரில் கையுறை போட்டு நான் பார்த்தது ஆபரேஷன் செய்யும் டாக்டரை மட்டும்தான். ‘ஷ்னிட்சல்’ என்று ஒரு வார்த்தை வரும். அது என்ன மிஸ் என்று ஒருத்தி கேட்டாள். “அது ஒரு பலகாரம், பாடு” என்றார் மிஸ். அது கறி வறுவல் என்று தெரிந்தபோது எனக்கு முப்பது வயது.

இந்தப் பட்டியல் மூன்று சுற்று போகும். அதற்கப்புறம்தான் பாட்டு திரும்பும். நாய் கடித்தால், தேனீ கொட்டினால், மனசு சரியில்லை என்றால், இதையெல்லாம் நினைத்துக்கொள்வேன், சரியாகிவிடும் என்று முடியும். விழா அன்று இரண்டு சுற்று முடிந்ததும், மூன்றாவது ஒன்று இருப்பதையே மறந்து நாயை அவிழ்த்துவிட்டேன். தனியாக, உரக்க. மற்ற இருபத்தொன்பது பேரும் வெள்ளை உடுப்புப் பெண்களைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு முடியும்வரை எனக்கு ‘டாக்’ என்றுதான் பெயர்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறைத்தோழன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாஸ் சிடி போடுவான். எனக்கு அது ஓட்டல் வரவேற்பறைச் சத்தம். துணி துவைத்துக்கொண்டே கேட்பேன், அதாவது கேட்க மாட்டேன். ஒருநாள் பியானோ ஒரே இடத்தில் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. மேலே நாதஸ்வரமும் இல்லாமல் கிளாரினெட்டும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் மூக்கடைத்த மாதிரி ஒரு குரல். ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். ரோஜாமேல் மழைத்துளி! என் பாட்டு. என் மானம் போன பாட்டு.

முதல் சுற்று வந்தது. அப்புறம் மெட்டு கழன்று வாத்தியம் எங்கோ போயிற்று. திரும்பி வந்தது. பட்டியலை மறுபடி ஆரம்பித்தது. மறுபடி போயிற்று. நான் நாய்க்காகக் காத்திருந்தேன். பியானோக்காரர் தன் பங்குக்குச் சில நிமிடம் அதே ஊஞ்சலில் உட்கார்ந்து வாசித்தார். நாய் வரவில்லை. சாக்ஸபோன் திரும்ப வந்து சுழன்று சுழன்று ஏறியது. நாய் வரவில்லை. கிட்டத்தட்ட பதிமூன்று நிமிடம் தாண்டி, எல்லாம் அடங்கப்போகிற நேரத்தில், போனால் போகிறது என்பதுபோல அந்த வரி வந்தது. நாய் கடித்தது. பாட்டு முடிந்தது. நான் அவசரப்பட்டு அவிழ்த்த நாயை இந்த மனிதர் 13 நிமிடம் சங்கிலியில் பிடித்து வைத்திருக்கிறார்.

அவர் ஜான் கோல்ட்ரேன். பதிவான நாள் 1960 அக்டோபர் 21, இடம் நியூயார்க். பியானோ மெக்காய் டைனர், பாஸ் ஸ்டீவ் டேவிஸ், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். மொத்த நீளம் 13 நிமிடம் 41 நொடி. மூக்கடைத்த குரல் சொப்ரானோ சாக்ஸபோனுடையது. சிட்னி பெஷே காலத்துக்குப் பிறகு பெரும்பாலோர் தொடாமல் விட்டிருந்த அந்த வாத்தியத்துக்கு மறுபடி மவுசு வந்ததில் இந்தத் தட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

பாட்டு அப்போது புத்தம்புதுசு. ‘த சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகமாக நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் ஏறியது 1959 நவம்பரில். நாம் பார்த்த படம் வர இன்னும் நான்கைந்து வருடம் இருந்தது. இடி மின்னலில் பயந்த குழந்தைகளுக்கு மரியா இதைப் பாடுவது படத்துக்காகச் செய்த மாற்றம். மேடையில் மடத்தின் தலைவியும் மரியாவும் சேர்ந்து பாடுவார்கள். இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். கோல்ட்ரேன் பதிவு செய்வதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 23 அன்று, ஹாமர்ஸ்டைன் காலமாகிவிட்டார். தன் நாய் இத்தனை நேரம் கட்டிப்போடப்பட்டதை அவர் கேட்கவே இல்லை.

இதில் உள்ள வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூலப் பாட்டில் கார்டுகள், அதாவது மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள், நிறைய மாறும். கோல்ட்ரேன் மெட்டை வாசிக்கும்போது அவற்றை ஓரளவு வைத்துக்கொள்கிறார். மெட்டை விட்டு விலகியதும் எல்லாவற்றையும் வழித்துப்போட்டுவிட்டு இரண்டே இரண்டு நிலத்தில் நிற்கிறார். ஒன்று ஈ மைனர், இன்னொன்று ஈ மேஜர். மைனரில் மேகம் கவிந்த மாதிரி, மேஜரில் வெயில் அடித்த மாதிரி. ஆதாரம் இரண்டிலும் அதே ஈ. அடியில் பாஸ் தம்பூராபோல அதையே சொல்லிக்கொண்டிருக்கும். எத்தனை நேரம் எந்த நிலத்தில் நிற்பது என்பதற்குக் கணக்கு கிடையாது, போதும் என்று தோன்றும்போது மாறிக்கொள்ளலாம். அதனால்தான் 13 நிமிடம் அலுக்கவில்லை. இந்திய இசை பக்கம் அவருக்கு இருந்த நாட்டம் ஊரறிந்தது. 1965ல் பிறந்த மகனுக்கு ரவிசங்கர் நினைவாக ரவி என்றே பெயர் வைத்தார்.

ஆனால் எனக்கு அன்று மயிர்க்கூச்செறிந்ததற்குக் காரணம் ஈ மைனர் இல்லை. அந்தப் பாட்டு எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும், அவ்வளவுதான். கோல்ட்ரேன் வாசித்தது பாதி சாக்ஸபோனில், மீதி என் மண்டைக்குள். நாய் வரவில்லையே என்று தவிக்க, நாய் வரவேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். 1961ல் நியூயார்க்கில் தட்டு வாங்கியவருக்கு அது தெரியும். அந்த நாடகத்தின் பாட்டுகள் அப்போது வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தன. நமக்குத்தான் இந்த இடத்தில் ஒரு பள்ளம். ஜாஸ் கேட்கத் தொடங்கும் நம்மூர் ஆட்கள் பலரும் தட்டை முதலில் கேட்கிறார்கள், பாட்டை ஒருபோதும் கேட்பதில்லை. பிறகு ‘என்னமோ வாசிக்கிறான்’ என்று எழுந்து போய்விடுகிறார்கள். வாசிப்பவர் எதிலிருந்து விலகுகிறார் என்று தெரியாதவருக்கு விலகல் எப்படிக் கேட்கும்?

இதே குறையை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னவர்களும் உண்டு. பாட்டை எழுதியவர்களே. ஜெரோம் கெர்ன் தன் மெட்டுகளை நடன இசைக்குழுக்கள் படுத்தும் பாட்டைப் பார்த்துக் கொதித்து, 1924ல் ‘சிட்டிங் ப்ரெட்டி’ நாடகத்தின் பாட்டுகளை வெளியே வாசிக்கவோ தட்டில் பதியவோ கூடாது என்று தடுத்துவிட்டார். பாட்டுகளை அப்படிப் பூட்டி வைத்தால் அவை எப்படிப் பிரபலமாகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ராட்ஜர்ஸ் இன்னும் சாமர்த்தியசாலி. பாடலாசிரியர் லாரன்ஸ் ஹார்ட்டோடு சேர்ந்து அந்த எரிச்சலையே ஒரு பாட்டாகப் போட்டு மேடையேற்றினார். ‘ஐ லைக் டு ரெகக்னைஸ் த ட்யூன்’. மெட்டு இன்னதென்று அடையாளம் தெரிந்தால் எனக்குப் பிடிக்கும், தயவுசெய்து தெரிகிற மாதிரி வாசியுங்கள் என்று சாரம். க்ரூபாவின் டிரம்ஸ் இடிபோல முழங்குகிறது, மெட்டோ ஆறடிக்குக் கீழே கிடக்கிறது என்று நடுவில் ஒரு குத்தல் வேறு.

அந்த ஜீன் க்ரூபா யார் தெரியுமா? 1930ல் ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘கேர்ள் க்ரேஸி’ நாடகம் ஓடியபோது மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து வாசித்த குழுவில் இருந்தவர். பென்னி குட்மன், க்ளென் மில்லர் எல்லாரும் அதே பள்ளத்தில்தான். மேலே எத்தெல் மெர்மன் ‘ஐ காட் ரிதம்’ பாடி ஒரே ராத்திரியில் நட்சத்திரமானார். கீழே இருந்தவர்கள் பத்து வருடத்தில் நாடே ஆடும் குழுக்களை நடத்தினார்கள். மெட்டைப் புதைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, வீட்டு ஆட்களே.

ராட்ஜர்ஸின் புகார்ப் பாட்டு வந்த நாடகம் ‘டூ மெனி கேர்ள்ஸ்’. 1939 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் திரை எழுந்தது. சரியாக ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 11 அன்று, அதே நியூயார்க்கில் சாக்ஸபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் ‘பாடி அண்ட் சோல்’ பதிவு செய்திருந்தார். இந்த இரண்டு தேதிகளையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மெட்டைக் காணோம் என்று ஒருவர் மேடையில் புலம்பப்போகிறார், அதற்கு முன்பே இன்னொருவர் மெட்டைக் காணாமலே அடித்துவிட்டார்.

ஹாக்கின்ஸ் ஐந்து வருடம் ஐரோப்பாவில் சுற்றிவிட்டு அந்த வருடம்தான் ஊர் திரும்பியிருந்தார். ‘பாடி அண்ட் சோல்’ ஜானி க்ரீன் இசையமைத்தது, 1930ல் ‘த்ரீஸ் அ க்ரவுட்’ என்ற நாடகத்தில் லிபி ஹோல்மன் பாடிப் புகழ்பெற்ற காதல் புலம்பல். ஹாக்கின்ஸின் தட்டு மூன்று நிமிடம். பியானோ சின்னதாக வாசல் திறக்கும், டெனார் சாக்ஸபோன் உள்ளே வரும். முதல் எட்டு பாரில், அதாவது எட்டுத் தாளக் கட்டில், மெட்டின் சாயல் தெரியும். அதற்கப்புறம் தேடினாலும் கிடைக்காது. இரண்டு முழுச் சுற்றிலும் கார்டுகளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறிப்போகிறார். கடைசியில் குரல் தடித்து, கெஞ்சலா கோபமா என்று தெரியாத ஒரு இடத்தில் போய் நின்று, மெதுவாக இறங்கி முடிக்கிறார். சாதாரண ஜனங்கள் இதை வாங்கினார்கள். தட்டு சக்கைப்போடு போட்டது.

இங்கேதான் என் வாதத்துக்கு ஒரு அடி. இந்தப் பாட்டை நான் தலைகீழாகத் தெரிந்துகொண்டவன். ஹாக்கின்ஸைத்தான் முதலில் கேட்டேன். பல மாதம் குளியலறையில் முணுமுணுத்தது அவர் வாசிப்பை. பிறகு யாரோ பாடிய பதிவில் நிஜ மெட்டைக் கேட்டபோது, ‘என்ன இது, பாட்டை மாற்றிப் பாடுகிறார்களே’ என்று தோன்றியது. நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. எடி ஜெஃபர்சன் என்ற பாடகர் ஹாக்கின்ஸின் வாசிப்புக்கே ஸ்வரம் தவறாமல் வார்த்தை எழுதிப் பாடினார். முதலில் வார்த்தையை உதறினார்கள், அப்புறம் மெட்டை, உதறியதில் மிஞ்சியதற்கு மறுபடி வார்த்தை கிடைத்துவிட்டது. ஆக, பாட்டைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று நான் ரொம்ப அடித்துச் சொல்லக்கூடாது. சிலர் பின்வாசல் வழியாக வருவார்கள்.

இந்தச் ‘சுற்று’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கால பிராட்வே பாட்டுகள் பெரும்பாலும் 32 பார். எட்டு பார் ஒரு மெட்டு, அதே மெட்டு இன்னொரு முறை, எட்டு பார் வேறு மெட்டு, மறுபடி முதல் மெட்டு. நடுவில் வரும் வேறு மெட்டுக்கு பிரிட்ஜ் என்று பெயர். இதற்கெல்லாம் முன்னால், வசனத்திலிருந்து பாட்டுக்குள் நழுவுவதற்கு ஒரு பகுதி இருக்கும், தாளத்தில் இருந்தும் இல்லாமலும் பேச்சுமாதிரி போகும். நம் சினிமாப் பாட்டில் தொகையறா என்போமே, அதேதான். ஜாஸ்காரர்கள் தொகையறாவை வெட்டி எறிந்துவிட்டு 32 பாரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த 32 பாரும் ஒரு பெரிய ஆவர்த்தனம்போலத் திரும்பத் திரும்பச் சுற்றும். மெட்டு ஒருமுறை, அப்புறம் ஒவ்வொருவராக அதே சுற்றின்மேல் கற்பனை, கடைசியில் மறுபடி மெட்டு. கச்சேரி கேட்கும் நண்பர்கள் உடனே ஆலாபனையோடு ஒப்பிடுவார்கள். எனக்கு நிரவல்தான் நெருக்கமாகப் படுகிறது, ஏனென்றால் நிரவலில் வரி தன் இடத்தை விட்டு நகராது. ஜாஸில் வரி கேட்காமல் போனாலும் அதன் இடம் காலியாகவே இருக்கும், அங்கே யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.

மெட்டுக்கு உரிமை உண்டு, கார்டு வரிசைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. இந்தச் சட்டச் சந்து வழியாக ஒரு படையே புகுந்தது. ‘ஐ காட் ரிதம்’ கார்டுகளை வைத்துக்கொண்டு மேலே புது மெட்டு போட்டால் அது புதுப் பாட்டு, கெர்ஷ்வின் குடும்பத்துக்குக் காசு தரவேண்டாம். எலிங்டனின் ‘காட்டன் டெய்ல்’, பார்க்கரும் கில்லெஸ்பியும் வாசித்த ‘ஆந்த்ரபாலஜி’, சானி ரோலின்ஸின் ‘ஓலியோ’, மங்கின் ‘ரிதம்-அ-நிங்’ எல்லாம் ஒரே பந்தலில் நடந்த வேறு வேறு கல்யாணங்கள். வாசிப்பவர்கள் அந்தப் பந்தலை ‘ரிதம் சேஞ்சஸ்’ என்று சுருக்கிவிட்டார்கள். முன்பின் பார்த்திராத நான்கு பேர் ஒரு மேடையில் ஏறி, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடலாம்.

ஜாஸ் பிடிக்காத கெர்னுக்கு வந்து வாய்த்த கதி இன்னும் வேடிக்கை. 1939 நவம்பரில் அவருடைய ‘வெரி வார்ம் ஃபார் மே’ வந்தது. 59 காட்சியோடு படுத்துவிட்டது. பிராட்வேக்கு அவர் எழுதிய கடைசிப் புது நாடகம். அதிலிருந்து ‘ஆல் த திங்ஸ் யூ ஆர்’ என்ற ஒரே பாட்டை ஜாஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், இன்றுவரை கீழே வைக்கவில்லை. காரணம் அதன் அமைப்பு. பாட்டு ஸ்ருதி மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் கேட்பவருக்கு எங்கும் தூக்கிப்போடாது. பிரிட்ஜின் முடிவில் ஒரு ஸ்வரம் நீண்டு நிற்கும். அது நிற்கும்போதே அடியில் தரை மாறிவிடும். ஸ்வரம் அசையவில்லை, ஆனால் அதன் பெயரும் உறவும் மாறி, நாம் புறப்பட்ட வீட்டுக்கே வந்திருப்போம். கிரகபேதம் கேட்டுச் சிலிர்த்தவர்களுக்கு அந்த இடம் புரியும். சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1945ல் இதற்கு ஒரு முகப்பு வாசித்தார்கள். கெர்ன் எழுதாத அந்த முகப்பைத்தான் இன்றைக்கும் பலர் பாட்டின் பகுதியென்று நினைத்து வாசிக்கிறார்கள். 1947ல் பார்க்கர் முகப்பை வைத்துக்கொண்டு மெட்டை விட்டுவிட்டு, ‘பர்ட் ஆஃப் பாரடைஸ்’ என்று வேறு பெயரில் தட்டு போட்டார்.

வார்த்தை போனால் என்ன போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ‘மை ஃபன்னி வாலன்டைன்’. 1937ல் ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’ நாடகத்துக்காக எழுதியது. வாலன்டைன் அதில் வரும் பையனின் பெயர். ஒரு பெண் அவனைச் செல்லமாகக் கிண்டல் செய்கிறாள். உன்னைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, போட்டோவுக்கு நீ லாயக்கில்லை, கிரேக்கச் சிலை மாதிரி உடம்பும் இல்லை, வாயைத் திறந்து பேசினால் புத்திசாலியா என்றும் தெரியவில்லை. ஆனாலும் எனக்காக ஒரு முடியைக்கூட மாற்றிக்கொள்ளாதே. வார்த்தை சிரிக்கும், அடியில் மெட்டு மைனரில் அழும். இரண்டும் இழுபடுவதுதான் பாட்டு.

1952ல் ஜெரி மல்லிகன் குழுவில், பியானோவே இல்லாமல், செட் பேக்கர் இதை டிரம்பெட்டில் வாசித்தார். சிரிப்பு காணாமல் போயிற்று, அழுகை மட்டும் மிஞ்சியது. இரண்டு வருடம் கழித்து அவரே வாயாலும் பாடினார். குரலில் அசைவே இல்லாமல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பாடுகிறமாதிரி. கிண்டல் வரிகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 1964 பிப்ரவரி 12 அன்று இன்னொரு டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஹாலில் வாசித்தது அடுத்த கட்டம். ஹெர்பி ஹான்காக் பியானோவில் ஆரம்பிக்க, மைல்ஸ் முதல் வரியை அடையாளத்துக்கு ஒருமுறை சொல்கிறார். அதோடு சரி. பிறகு கால்மணி நேரம் அந்தப் பையனைப் பற்றி இல்லை, யாரைப் பற்றியும் இல்லை. எனக்கு மிகப் பிடித்த பதிவுகளில் ஒன்று அது, ராட்ஜர்ஸ் கேட்டிருந்தால் புகாருக்கு இரண்டாம் பாகம் எழுதியிருப்பார். ஆனால் ஹார்ட்டின் நகைச்சுவை இந்த வழியில் செத்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இன்று காபிக் கடைகளில் இதைச் சோகப் பாட்டு என்றே போடுகிறார்கள்.

வார்த்தையை உதறாமல் வாசித்தவர்களும் இருந்தார்கள். வாசிப்பவனுக்குப் பாட்டின் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கின் கட்சி. அவர் வழி வந்த டெக்ஸ்டர் கார்டன் பிற்காலக் கச்சேரிகளில் மெதுவான பாட்டு எடுக்குமுன் மைக்கில் அதன் முதல் சில வரிகளை, வாசிப்பைவிட நிதானமான குரலில், கடிதம் படிப்பதுபோலச் சொல்லுவார். சொல்லிவிட்டுத்தான் சாக்ஸபோனைத் தூக்குவார். நம் பிரச்சினைக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை. பாட்டு தெரியாதவர்களுக்கு வாசலிலேயே பாட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

நாடகத்தையே மொத்தமாக ஜாஸ் தட்டாக்கும் பழக்கமும் ஒரு காலத்தில் பெருகியது. 1956ல் ‘மை ஃபேர் லேடி’ வெளியான சில மாதத்தில் டிரம்ஸ்காரர் ஷெல்லி மேன், பியானோவில் ஆந்த்ரே ப்ரெவின், பாஸில் லெராய் வின்னகர் என்று மூன்றே பேர் அதன் பாட்டுகளை ஒரு தட்டில் வாசித்தார்கள். விற்று மாளவில்லை. பிறகு எந்த நாடகம் ஓடினாலும் பின்னாலேயே ஒரு ஜாஸ் தட்டு. பெரும்பாலானவை காசுக்கு வாசித்தது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கேனன்பால் ஆடர்லி 1964ல் போட்ட ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ மட்டும் தப்பிக்கும்.

பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரல்டைச் சொல்லாமல் நகர முடியாது. நார்மன் க்ரான்ஸ் தயாரிப்பில் 1956 முதல் எட்டு வருடத்தில் கோல் போர்ட்டர், ராட்ஜர்ஸ்–ஹார்ட், இர்விங் பெர்லின், கெர்ஷ்வின், கெர்ன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டுத் தொகுப்பு. கெர்ஷ்வினுக்கு மட்டும் ஐந்து எல்பி. மற்றவர்கள் வெட்டிய தொகையறாவைப் பல பாட்டுகளில் திரும்ப ஒட்டிப் பாடினார். மெட்டை நேராக, ஒவ்வொரு வார்த்தையும் விளங்கும்படி பாடுவார். என் பாடநூல் அதுதான். எந்தப் பாட்டின் ஜாஸ் வாசிப்பு கிடைத்தாலும் முதலில் அவரிடம் போய்ப் பாட்டைக் கற்றுக்கொண்டு வருவேன்.

ஆனால் நான் அதிகம் திரும்பக் கேட்பது அவர் வார்த்தையைத் தொலைத்த பதிவை. 1960 பிப்ரவரி 13, பெர்லின். ‘மேக் த நைஃப்’ எடுக்கிறார். அது பிரெக்டும் குர்ட் வைலும் 1928ல் அதே பெர்லினில் மேடையேற்றிய நாடகத்தின் பாட்டு, ஒரு கொலைகாரனின் புகழ்மாலை. லூயி ஆம்ஸ்ட்ராங் 1955ல் இதைப் பாடியபோது பதிவுக்கூடத்தில் வைலின் மனைவி லாட்டே லென்யா இருந்தார். ஆம்ஸ்ட்ராங் அவர் பெயரையும் பாட்டில் வரும் பெண்களோடு சேர்த்துவிட்டார். பாபி டேரின் அதைக் காப்பியடிக்க, லென்யா பாட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். பெர்லினில் ஃபிட்ஸ்ஜெரல்ட், வார்த்தை நினைவிருக்கிறதா பார்ப்போம் என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறார். முதல் சில அடிகள் சரியாகப் போகின்றன. பிறகு அடுத்த அடி வரவில்லை. தாளம் நிற்காது, குழு நிற்காது. அவரும் நிற்கவில்லை. அடுத்து என்ன வார்த்தை என்று தெரியவில்லையே என்பதையே எதுகையோடு பாடுகிறார். ஆம்ஸ்ட்ராங் பாடினார், டேரின் பாடினார், இப்போது நாங்கள் வந்து பாட்டைக் குட்டிச்சுவராக்குகிறோம் என்று ஆம்ஸ்ட்ராங்கின் கரகரக் குரலையே எடுத்துக்கொண்டு பாடுகிறார். கூட்டம் கூரையைப் பிய்க்கிறது. இதற்கு கிராமி விருது கொடுத்தார்கள். மூன்றாம் சுற்றை மறந்ததற்கு எனக்குக் கிடைத்தது ‘டாக்’.

கோல்ட்ரேன் கடைசிவரை அந்தப் பாட்டை விடவில்லை. 1966 ஜூலையில், இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, டோக்கியோவில் வாசித்த பதிவு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதில் முதல் கால்மணி நேரம்போல ஜிம்மி காரிசனின் பாஸ் மட்டும் தனியாக. நான் இரண்டுமுறைதான் முழுதாகக் கேட்டிருக்கிறேன். ரோஜாவும் பூனைக்குட்டியும் இருந்த இடத்தில் நெருப்பு எரிகிறது. அங்கே மெட்டின் ஒரு துண்டு எட்டிப் பார்க்கும்போது, ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் பள்ளிச் சிநேகிதனைக் கண்டதுபோல இருக்கும். மூன்றாவது முறை கேட்கத் தெம்பு வரவில்லை. 13 நிமிடமே எனக்குப் போதும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசை சுட்டுக்கொண்டே அதைப் போட்டேன். மகளுக்கு ஒன்பது வயது, படத்தைப் பலமுறை பார்த்தவள். பியானோ ஊஞ்சல் ஆடி முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். என்னைவிடச் சுறுசுறுப்பு. சாக்ஸபோனோடு சேர்ந்து முதல் சுற்றைப் பாடினாள். அது கழன்று போனதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, பாட்டு எங்க போச்சு?”

“வரும்.”

வந்தது. பாடினாள். மறுபடி போனது.

“நாய் எப்ப வரும்ப்பா?”

“கடைசில.”

“கடைசின்னா?”

“ரெண்டு தோசை ஆகும்.”

ஒரு தோசைக்கு மேல் அவளுக்குப் பொறுமை இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், டிவி சத்தம் கேட்டது. டைனர் வாசித்து முடித்தார். கோல்ட்ரேன் திரும்பி வந்தார், ஏறினார், சுழன்றார். நான் கல்லை அணைத்துவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மெட்டு கடைசித் தடவையாகத் தலைகாட்டியது. உள்ளறையில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. அப்புறம் அவள் குரல் வந்தது, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, சாக்ஸபோனுக்கு ஒரு பார் முன்னாடியே.